சிறுதொழிலில் செலவுக் குறைப்பும் இலாபப் பெருக்கமும்: பலகாரத் தொழிற்கூடத்தை முன்வைத்து

முன்னுரை

ஒரு செயலில் இறங்குமுன் அதில் இழப்பது, பெறுவது, இறுதியில் எஞ்சும் பயன் ஆகிய மூன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்கிறது திருக்குறளின் தெரிந்துசெயல்வகை அதிகாரம் (461). சிறுதொழில் முனைவோர் பெறுவதை அன்றாடம் எண்ணுகின்றனர். இழப்பதை எண்ணுவோர் சிலரே. ஆதலால் இலாபம் குறையும்போது கண்ணுக்குத் தெரியும் கூலியிலும் மூலப்பொருளின் தரத்திலுமே முதலில் கைவைக்கின்றனர். எச்செலவைக் குறைத்தால் இலாபம் பெருகும், எச்செலவைக் குறைத்தால் முதலே அழியும் என்பதை முறுக்கு செய்யும் தொழிற்கூடம் ஒன்றின் மாதிரிக் கணக்கைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

செலவின் இருவகை

வாடகை, மாதச் சம்பளம் போன்றவை உற்பத்தி கூடினாலும் குறைந்தாலும் மாறாதவை, இவை நிலைச்செலவு. மாவு, எண்ணெய், எரிவாயு, உறை ஆகியவை உற்பத்தியோடு கூடிக் குறையும் மாறும் செலவு. ஒரு கூடத்தின் மாத நிலைச்செலவு ரூ.40,000, கிலோவுக்கு மாறும் செலவு ரூ.200, விற்பனை விலை ரூ.280 எனக் கொள்வோம். கிலோவுக்கு எஞ்சுவது ரூ.80. எனவே 500 கிலோ விற்கும் வரை இலாபமில்லை. 600 கிலோ விற்றால் வட்டி நீங்கலாக ரூ.8,000 இலாபம் கிட்டும்.

விரயமும் தள்ளுபடியும்

நொறுங்கும் முறுக்கு, உறையில் மிகுதியாக விழும் எடை ஆகியவற்றைக் கட்டுப்படுத்திக் கிலோவுக்கு ரூ.10 மிச்சப்படுத்தினால் இலாபம் ரூ.14,000 ஆகும். இதே உயர்வை விற்பனையால் மட்டும் பெற வேண்டுமாயின் கூடுதலாக 75 கிலோ விற்றாக வேண்டும். மாறாக, விற்பனையைப் பெருக்கும் நோக்கில் விலையில் 10 விழுக்காடு தள்ளுபடி அளித்தால் கிலோவுக்கு எஞ்சுவது ரூ.52 மட்டுமே. பழைய இலாபத்தைத் தக்கவைக்கவே ஏறத்தாழ 923 கிலோ விற்க வேண்டும். விற்பனை 600 கிலோவிலேயே நின்றால் ரூ.8,800 நட்டம் நேரும்.

நிலுவையின் விலை

செலவுப் பட்டியலில் இடம்பெறாத செலவு, கடைகளில் நிற்கும் நிலுவைத்தொகை. மேற்கண்ட கூடத்தின் மாத விற்பனை ரூ.1,68,000. இரு மாதக் கடனுக்குச் சரக்கு அளித்தால் ரூ.3,36,000 வெளியே நிற்கும். அத்தொகையை ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டிக்குப் பெற்று ஈடுகட்டினால் மாத வட்டி ரூ.5,040, இலாபத்தில் பாதிக்கு மேல் இதிலேயே கரைகிறது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், குறு, சிறு நிறுவனங்களுக்குரிய தொகையை ஒப்பந்தம் இருப்பினும் 45 நாள்களுக்குள் செலுத்த வேண்டும் என்கிறது. தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி வீதத்தைப்போல் மும்மடங்கு கூட்டுவட்டி உண்டு. உத்யம் பதிவும் முறையான விலைப்பட்டியலும் இவ்வுரிமையைக் கோரத் துணைபுரிவன.

குறைக்கலாகாச் செலவு

எண்ணெய்ச் செலவைக் குறைக்கப் பழைய எண்ணெயையே மீண்டும் மீண்டும் காய்ச்சும் வழக்கம் உண்டு. மொத்த முனைவுச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைக் கடந்த எண்ணெயைப் பயன்படுத்தலாகாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. அத்தகைய எண்ணெயை உயிரி டீசலுக்காகச் சேகரிப்போரிடம் விற்றால் சிறு வருவாயும் கிட்டும். வரவிருக்கும் ஆக்கத்தை எண்ணிக் கையிலிருக்கும் முதலை இழக்கும் செயலை அறிவுடையார் மேற்கொள்ளார் என்பது குறளின் கருத்து (463). பலகாரத் தொழிலில் உண்போரின் நம்பிக்கையும் முதலே. கைப்பக்குவம் அறிந்த தொழிலாளியைக் கூலிக் குறைப்பால் இழப்பதும் அத்தகையதே. அவர் விலகினால் நொறுங்கும் முறுக்கின் அளவு கூடும்.

முடிவுரை

விரயம், கணக்கிடாத தள்ளுபடி, நீளும் நிலுவை ஆகிய மூன்றும் முதலில் அடைக்க வேண்டிய கசிவுகள். தரமும் தொழிலாளர் கூலியும் இவற்றோடு சேர்த்து எண்ணத்தக்கவை அல்ல. நாள்தோறும் வீணான எடையையும் வாரந்தோறும் வரவேண்டிய தொகையையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வருவதே இதற்குப் போதுமான தொடக்கமாகும்.