கல்லுப்பு ஏற்றிய மெருகு

மண்பாண்டத்துக்கு மெருகேற்ற எத்தனையோ வழிகள் உண்டு. அவற்றில் என்னை இன்றும் வியக்க வைப்பது, எரிகிற சூளைக்குள் கல்லுப்பை அள்ளி வீசும் முறைதான். மரக்காணம் உப்பளங்களில் பாத்தி பாத்தியாக விளைகிறதே, அதே உப்பு.

திருஷ்டி கழித்து அடுப்பில் போடும் உப்பு படபடவென்று வெடிக்கும். படிகம் வளரும்போது உள்ளே சிக்கிக்கொண்ட உப்புநீர், சூட்டில் ஆவியாகி அதைப் பிளந்துகொண்டு வெளியேறும் ஓசை அது. சூளையிலும் முதலில் கேட்பது இந்த வெடிப்புதான். ஆனால் அங்கே வெப்பம் 1,200 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கும். 801 டிகிரியிலேயே உருகிவிடும் உப்பு, அந்த அனலில் ஆவியாகிப் பாண்டங்களைச் சூழ்கிறது. நீராவியோடு வினைபுரிந்து இரண்டாகப் பிரிகிறது. குளோரின், ஹைட்ரோகுளோரிக் அமில ஆவியாக மாறிப் புகைபோக்கி வழியே போய்விடும். மூச்சை அடைக்கும் புகை அது. சோடியமோ களிமண்ணில் உள்ள சிலிக்காவையும் அலுமினாவையும் பற்றிக்கொண்டு கண்ணாடியாகிறது. யாரும் எதையும் பூசவில்லை. பாண்டத்தின் மேல்தோலே கண்ணாடியாகிவிடுகிறது! ஆறியபின் விரலால் தடவினால் நுண்ணிய மேடுபள்ளங்கள் தட்டுப்படும்.

ஜெர்மனியின் ரைன் நதிக்கரைக் குயவர்கள் வளர்த்த கலை இது. இங்கிலாந்தில் ஜான் டுவைட் 1672-இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். அடுத்த நூற்றாண்டில் ஸ்டாஃபோர்ட்ஷயர் குயவர்கள், சுட்டுப் பொடித்த சக்கிமுக்கிக் கல்லை வெண்களிமண்ணில் கலந்து வெள்ளை வெளேரென்ற உப்பு மெருகுப் பாண்டங்களைச் செய்தார்கள். 1739-இல் பிரிட்டிஷ் அட்மிரல் வெர்னன் ஸ்பெயின் வசமிருந்த போர்ட்டோபெல்லோ துறைமுகத்தைப் பிடித்ததும், அவர் உருவத்தையும் கப்பல்களையும் புடைப்பாகப் பதித்த பாண்டங்கள் வந்தன. தேசப் பெருமையை இப்படிச் சாப்பாட்டு மேசைக்கே கொண்டுபோய்ச் சேர்த்தது உப்பின் பளபளப்பு.

பாண்டத்தில் படத்தை அச்சிடும் வித்தை பிறகு வந்தது. லிவர்பூலில் சாட்லர், கிரீன் என்ற இருவர் 1756-இல் ஆறு மணி நேரத்துக்குள் 1,200-க்கும் மேற்பட்ட ஓடுகளில் அச்சிட்டுக் காட்டினார்கள். செதுக்கிய தகட்டிலிருந்து மெல்லிய தாளுக்கு, தாளிலிருந்து ஓட்டுக்கு. அந்த வண்ணம் உலோக ஆக்சைடு; சூளையில் சுட்டால் மெருகோடு ஒன்றிவிடும். எத்தனை முறை கழுவினாலும் கோப்பைப் படம் அழியாததற்குக் காரணம் இதுதான்.

அதே இங்கிலாந்தின் கிழக்கிந்தியக் கம்பெனி, 1805-இல் சென்னை மாகாண உப்பைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. உப்பளத் தொழிலாளர்கள் வெயிலில் வெந்து விளைவித்த உப்பை அரசுக்கே கொடுக்க வேண்டியிருந்தது. அதை வாங்கிச் சமைப்பவர் வரியும் சேர்த்துக் கட்ட வேண்டியிருந்தது. வெர்னன் பாண்டத்தின் மெருகைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த உழைப்பாளிகளின் நினைவு வராமல் இருப்பதில்லை.

அவர்கள் செய்வதும் நுட்பமான வேதியியல்தான். கடல்நீர் சுண்டச் சுண்ட, உப்புக்கு முன்பே ஜிப்சம் படியும். ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காக வற்றிய பிறகே உப்பு பூக்கும். மக்னீசியம் கடைசிவரை நீரிலேயே தங்கும். அந்தக் கசப்பு நீரை வடித்துவிட வேண்டும். வடிக்காமல் விட்டால் உப்பு கசக்கும், ஈரம் இழுக்கும்.

மீண்டும் மெருகுக்கு வருவோம். இந்தியாவில் உப்பு மெருகு பெரிதும் பயன்பட்டது கழிவுநீர்க் குழாய்களில். நம் ஊர்களில் பழைய தெருவைத் தோண்டினால் பழுப்பு நிறத்தில் மின்னும் பீங்கான் குழாய் தென்படும். சாக்கடை அமிலம் அரிக்க முடியாத அந்த வழவழப்பான மேல்தோலுக்காகத்தான் அதைப் புதைத்தார்கள்.