ஊரும் ஆய்வும் – 9: ஒரு மலை, இரண்டு ஆய்வுகள்

சென்ற வாரம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் கூட்டாக நடத்தும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைப் பார்த்தோம். இந்த வாரம் போடிநாயக்கனூர். இந்த ஊரில் ‘ஏலம்’ என்றால் காயும் அதுதான், விற்பனையும் அதுதான். நறுமணப் பொருள்கள் வாரியத்தின் ஏலக்கூடத்தில் வியாபாரிகள் மாதிரிக் காயை உள்ளங்கையில் கொட்டி நிறமும் பருமனும் பார்த்துவிட்டு, கணினி முன் உட்கார்ந்து விலை கேட்கிறார்கள். அத்தனை பேரும் போட்டியாளர்கள்; கூடமும் விதியும் பொது. மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும் இதே ஏற்பாடு.

ஆராய்ச்சியும் அங்கேதான் இருக்கிறது. மைலாடும்பாறையில் 1978இல் இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. ஆனால் விளைச்சலைப் புரட்டிப்போட்ட ஞள்ளானி ரகத்தைக் கண்டெடுத்தவர் கட்டப்பனைப் பக்கத்து விவசாயி செபாஸ்டியன் ஜோசப். நன்றாகக் காய்த்த தூரைத் தேர்ந்து, பிரித்து நட்டுப் பெருக்கினார். நிலையத்துக்குத் தோட்டக்காரர் கண் எவ்வளவு தேவை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

இனி மலைக்கு இந்தப் பக்கம், போடிக்கு அருகே பொட்டிபுரம். இங்குள்ள அம்பரப்பர் மலையைக் குடைந்து நியூட்ரினோ என்னும் நுண்துகளை ஆராயும் கூடம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. ஏறத்தாழ 2 கிலோமீட்டர் சுரங்கம், அதன் முடிவில் 50,000 டன் காந்த இரும்பு, அடுக்குகளுக்கிடையே வாயு நிரப்பிய சுமார் 30,000 கண்ணாடி உணரிகள். இத்தனையை எந்த ஆய்வுக்கூடமும் தன் பட்டறையில் செய்துவிட முடியாது. கண்ணாடி ஒருவர், பூச்சு ஒருவர், மின்னணுப் பலகை ஒருவர் என்று பல நிறுவனங்கள் கைகோக்க வேண்டிய வேலை. 1965இல் கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் நியூட்ரினோவின் தடயத்தைப் பிடித்த நாடு இது. அதை மீண்டும் தேடும் ஆசையை நான் மதிக்கிறேன்.

ஆனால் மலையடிவாரத்துக்காரர்களுக்குச் சொல்லப்பட்டது என்ன? வெடி, பாறைக்கழிவு, தண்ணீர் குறித்த அவர்களுடைய கேள்விகளுக்குப் பதில் பிந்தித்தான் வந்தது. பக்கத்திலேயே மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா. காட்டுயிர் வாரியத்தின் அனுமதி வேண்டும் என்று 2018இல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. 2022இல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் திட்டத்தை எதிர்த்தது. அந்த எதிர்ப்பு நியாயமானது என்றே நினைக்கிறேன். ஏலக்கூடத்தில் வாங்குபவரும் விற்பவரும் முதல் நாளிலிருந்தே இருக்கிறார்கள். சுரங்கத் திட்டத்தில் ஊர் கடைசியாகத்தான் அழைக்கப்பட்டது.

மதுரையில் இதே திட்டத்தின் 85 டன் எடையுள்ள சிறு மாதிரி உணரி காஸ்மிக் கதிர்களைப் பதிவு செய்துவருகிறது. மலையின் மேலேயோ, 2024 கோடையில் மழை பொய்த்து ஏலத்தூர்கள் கருகின. எந்த ரகம் அந்த வெயிலைத் தாங்கும் என்று போடி வியாபாரியும் கேட்கிறார், இடுக்கித் தோட்டக்காரரும் கேட்கிறார்.

(தொடரும்)