95 தாடைகளில் ஒரு வீடு

கீவ் நகரிலிருந்து தென்கிழக்கே, நேர்கோட்டில் அளந்தால் ஏறக்குறைய 110 கிலோமீட்டரில் இருக்கிறது மெஜிரிச். உக்ரைனின் செர்காசி மாகாணத்துச் சிற்றூர். கவிஞர் தாராஸ் ஷெவ்சென்கோ 1861-இல் அடக்கம் செய்யப்பட்ட கானிவ், பக்கத்தில்தான். ரோசாவா ஆறு ரோஸ் ஆற்றோடு சேரும் இடம் என்பதால் ஊருக்கு இந்தப் பெயர். தமிழில் ‘இடையாறு’ என்று சொல்லலாம்.

1965-இல் இங்கே ஒரு விவசாயி தன் வீட்டு நிலவறையைப் பெரிதாக்கத் தோண்டினார். சுமார் 2 மீட்டர் ஆழத்தில் தட்டுப்பட்டது ஒரு மாமூத் யானையின் கீழ்த்தாடை. தொல்லுயிர் ஆய்வாளர் இவான் பிடோப்ளிச்கோ (1905–1975) அடுத்த ஆண்டே அகழாய்வில் இறங்கினார். அவர் காலத்திலும் பிறகுமாக வெளிவந்தவை 4 வீடுகள். நான்கும் மாமூத் எலும்பால் கட்டியவை.

முதல் வீட்டின் கணக்கைப் பார்ப்போம். விட்டம் சுமார் 5 மீட்டர். அதாவது பரப்பு ஏறக்குறைய 210 சதுர அடி. நம் ஊரில் ஓர் அறையும் சமையலறையும் கொள்ளும் இடம். அடியில் மண்டையோடுகள். அவற்றைச் சுற்றி 95 கீழ்த்தாடைகள். மாமூத்தின் தாடை கவட்டைக் கம்பு போல விரிந்திருக்கும். முகவாயைக் கீழே வைத்து, ஒன்றின் கவட்டுக்குள் அடுத்ததைச் செருகி, மீன்முள் வரிசையாக அடுக்கியிருக்கிறார்கள். ஒரு யானைக்கு ஒரு கீழ்த்தாடைதான். ஆக, இந்த ஒரு வீட்டுக்கு மட்டும் குறைந்தது 95 யானைகள்!

அத்தனையையும் வேட்டையாடியிருக்க வேண்டியதில்லை. இயற்கையாக இறந்தவற்றின் எலும்புகளையும் பொறுக்கிச் சேர்த்திருக்கிறார்கள் என்பதே ஆய்வாளர்கள் பலரின் கருத்து. இந்த வீட்டு எலும்புகளின் எடை சுமார் 20 டன். ஆளுக்கு நடைக்கு 25 கிலோ என்று வைத்தாலும் 800 நடை. மண்டையோட்டை ஒருவர் தூக்க முடியாது. ஊரே கூடித்தான் நகர்த்தியிருக்க வேண்டும். பனியுகத்தில் அந்தப் புல்வெளியில் மரம் அரிது. அதனால் சுவரும் எலும்பு, அடுப்பில் எரித்ததும் எலும்பு.

இவ்வளவு பாடுபட்டவர்கள் அழகையும் விடவில்லை. ஒரு மண்டையோட்டில் செங்காவியால் கோடுகளும் புள்ளிகளும் தீட்டியிருக்கிறார்கள். எனக்கு 20 டன்னைவிட அந்தப் புள்ளிகள்தான் பெரிது.

வயதுக் கணக்கு நெடுங்காலம் இழுபறியாகவே இருந்தது. பொறுக்கிய எலும்பு என்றால் அது வீட்டைவிடப் பழையதாக இருக்கலாம் அல்லவா? அதனால் 2025-இல் வெளியான ஆய்வு, அதே மண்ணடுக்கில் கிடந்த சிறு விலங்குகளின் எச்சங்களைக் காலக்கணிப்புக்கு எடுத்தது. நான்காவது வீட்டுக்குக் கிடைத்த விடை: சுமார் 18,000 ஆண்டு. புழங்கிய காலம் அதிகபட்சம் 429 ஆண்டு.

உக்ரைன் என்றதும் இடிந்த கட்டடங்களே இன்று நம் கண்ணில் நிற்கின்றன. ஆனால் பிடோப்ளிச்கோ மீட்டெடுத்து நிறுத்திய மெஜிரிச் வீடு, கீவ் தேசிய இயற்கை அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.