மலேரியா ஒட்டுண்ணியின் மாறுவேடங்கள்

1934, 1935 ஆம் ஆண்டுகளில் இலங்கையில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொள்ளைகொண்ட மலேரியாவைப் பரப்புவது நுளம்பு. விளைவிப்பதோ ஓர் ஒற்றைக்கல ஒட்டுண்ணி. அது ஈரலில் ஓர் உருவும், செங்குருதிக் கலத்தில் வேறோர் உருவும் கொள்ளும். பரம்பரையலகுகளோ யாண்டும் அவையே. எது விழிப்பது, எது உறங்குவது என்பதே வேறுபாடு.

கொடியதாகிய பல்சிப்பாரம் இனத்தில் ஏறத்தாழ 60 பரம்பரையலகுகள், குருதிக்கலத்தின் மேற்பரப்பில் தோன்றும் ஒரே புரதத்தின் பல வடிவங்களை ஆக்குவன. ஒரு வேளையில் ஒன்றே தொழிற்படும். உடல் அவ்வடிவத்தை இனங்கண்டு தாக்குகையில், வேறொன்றைப் பூண்ட சில ஒட்டுண்ணிகள் தப்பிப் பெருகிவிடும். காய்ச்சல் தணிந்தது என்று தாய் ஆறுதலடையும் வேளையும் அதுவாக இருக்கலாம்.

சில ஒட்டுண்ணிகளை ஆண், பெண் உருக்கொள்ள ஏவுவது, 2014 இல் இனங்காணப்பட்ட ஏபி2-ஜி என்னும் புரதம். அவ்வுருக்களே நுளம்பினுள் வாழவல்லன. அப்புரதம் எழாதவிடத்து ஒட்டுண்ணி ஒருவரை வருத்தலாம். நுளம்பின் வழியே அடுத்தவரை அடைய இயலாது.