ஈரற்றட்டைப் புழுக்களை இனங்காணல்

மடுவத்தில் அறுக்கப்பட்ட மாட்டின் ஈரலைப் பிளந்து பார்க்குமிடத்து, பித்தக் கான்களின் சுவர்கள் தடித்தும் அவற்றினுள்ளே இலை வடிவமான தட்டைப் புழுக்கள் நிறைந்தும் இருப்பது சில வேளைகளிற் காணப்படும். அத்தகைய ஈரல் உணவுக்குதவாதென ஒதுக்கப்படும். ஆயினும் கால்நடை வளர்ப்போருக்கு உண்டாகும் நட்டம் அதற்கு நெடுநாள் முன்னரே தொடங்கிவிடுகின்றது. பால் குறையும், உடல் மெலியும், இரத்தச்சோகை உண்டாகும், நோய் முற்றியவிடத்துத் தாடையின் கீழ் நீர் கோத்து வீக்கமுண்டாகும்.

இருவகைப் புழுக்கள்

இந்நோயை உண்டாக்கும் புழுக்கள் பிரதானமாக இருவகையின. பசியோலா ஹெபற்றிக்கா என்பது குளிர்ந்த நாடுகளிலும் உயர்ந்த மலைப்பகுதிகளிலும் மிகுதியாகவுள்ளது. பெரும்பாலும் 20 முதல் 30 மில்லிமீற்றர் நீளமுடையது. பசியோலா ஜைகன்ரிக்கா வெப்ப நாடுகளுக்குரியது; 75 மில்லிமீற்றர் வரை வளரக்கூடியது.

இவ்விரண்டின் வாழ்க்கையும் ஒரே தன்மையதே. சாணத்துடன் வெளியேறும் முட்டை நீரிற் பொரிக்கும். வெளிவரும் குடம்பி ஏறக்குறைய ஒரு நாளுக்குள் தனக்கேற்ற நத்தையை அடைதல் வேண்டும்; அடையாவிடின் இறந்துவிடும். நத்தையினுள் அது பல நூறாகப் பெருகும். பின்னர் வாலுடைய குடம்பிகளாக வெளியேறி, புல்லிலும் நெற்றாளிலும் ஒட்டிக் கூடு கட்டிக்கொள்ளும். அவற்றை மேயும் விலங்கு நோயைப் பெறும். இவ்வரலாற்றை 1880ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் தோமசு என்பாரும் செருமனியில் லொய்க்காட்டு என்பாரும் தனித்தனியே ஆராய்ந்து வெளியிட்டனர்.

இனத்தை அறிவதனாற் பயனென்ன?

முதலாவது வகைக்கு இடமளிக்கும் நத்தை சேறான ஓரங்களில் வாழ்வது. இரண்டாவது வகையின் நத்தை குளம், வாய்க்கால், வயல் ஆகியவற்றின் நீரிலே வாழ்வது. எனவே எவ்வகைப் புழு என அறிந்தாலன்றி, மந்தையை எவ்விடத்திலிருந்து விலக்குவது, எந்நத்தையை ஒழிப்பது என்பன தெளிவாகா.

கண்ணாற் பார்த்துத் துணிதல் எளிதன்று. புழுவின் அளவு அதன் வயதினாலும், அது தங்கிய விலங்கினாலும், ஒரே ஈரலிலுள்ள புழுக்களின் தொகையினாலும் மாறுபடும். இளம் பெருவகைப் புழு, முதிர்ந்த சிறுவகைப் புழுவைப் போலத் தோன்றலாம்.

பரம்பரையலகு கூறும் சான்று

இவ்விடர்ப்பாட்டைத் தீர்ப்பது டீ. என். ஏ. பரிசோதனை. புழுவின் சிறு துண்டொன்று, அல்லது சாணத்திலிருந்து பிரித்தெடுத்த முட்டைகள் இதற்குப் போதுமானவை. கரி முல்லிசு என்பார் 1983இல் வகுத்த பொலிமரேசுத் தொடர்த்தாக்க முறையினால் டீ. என். ஏ.யின் வேண்டிய பகுதி மட்டும் பன்மடங்காகப் பெருக்கப்படும். பின்னர் அதன் எழுத்து வரிசை வாசிக்கப்படும். இதற்கென எடுக்கப்படும் கருப்பகுதிகளுள் ஒன்றில் இவ்விரு இனங்களும் ஐந்து இடங்களில் மட்டுமே வேறுபடுகின்றன. அவ்வைந்து எழுத்துகளே இனத்தைக் காட்டிக்கொடுக்கின்றன.

ஆயினும் ஒரு சான்றைக் கொண்டு தீர்ப்புக் கூறுதல் தவறாகும். யப்பான், கொரியா, சீனா, வியட்நாம், இந்தியா முதலிய ஆசிய நாடுகளில் விந்துப்பையில் விந்து காணப்படாத புழுக்கள் உள. சாதாரண புழுவின் கலத்தில் 20 நிறமூர்த்தங்கள் இருக்க, இவற்றுட் சிலவற்றில் 30 காணப்படும். இவை விந்தின் உதவியின்றியே முட்டையிட்டுப் பெருகுவன. இவற்றின் கருவிலுள்ள டீ. என். ஏ.யை ஆராய்ந்தபோது இரு இனங்களின் அடையாளங்களும் ஒருங்கே கிடைத்தன. எனவே இவை கலப்பினால் தோன்றியவை எனக் கொள்ளப்படுகின்றன. இழைமணியின் டீ. என். ஏ.யோ தாயிடமிருந்து மட்டும் வருவது. அதனை மட்டும் பார்த்தால் கலப்புப் புழு தாயின் இனமென்றே பிழையாக எண்ணப்படும். ஆதலால் இரண்டையும் ஒப்புநோக்கல் இன்றியமையாதது.

கால்நடை வளர்ப்போர் செய்ய வேண்டியவை

1. மெலிந்த விலங்கின் சாணத்தை மிருக வைத்தியரிடம் காட்டிப் பரிசோதிக்கவும். ஈரற்புழுவின் முட்டை பொன்மஞ்சள் நிறமானது. இரைப்பைத் தட்டைப் புழுவின் முட்டை நிறமற்றது. புழு முதிர்ந்து முட்டையிட மூன்று மாதமளவில் அல்லது அதற்கு மேலுஞ் செல்லும். ஆதலால் முட்டை இல்லையென்பதால் நோயில்லையென்று துணியலாகாது.

2. இனங்காணலுக்கு அனுப்பும் புழுக்களை 70 சதவீத மதுசாரத்தில் இடவும். போமலினில் இடப்பட்டவற்றின் டீ. என். ஏ. சிதைவடையும்.

3. நீர்நிலையோரங்களில் மேய விடாது, தொட்டியில் தூய நீர் வழங்கவும்.

4. நீரில் நின்ற நெற்றாளின் அடிப்பாகத்தைப் பச்சையாக ஊட்டாதீர்கள். வைக்கோலைப் பல நாள் வெயிலில் நன்கு உலர்த்தியே கொடுக்கவும்.

5. சாணத்தைக் குவித்து மக்கச் செய்த பின்னரே வயலுக்கு இடவும். குவியலின் வெப்பம் முட்டைகளைக் கொல்லும்.

6. மருந்தை மிருக வைத்தியரின் ஆலோசனைப்படி உரிய அளவிற் கொடுக்கவும். சில மருந்துகள் முதிர்ந்த புழுக்களை மட்டுமே கொல்வன. இளம் புழுவையும் கொல்லும் திரைகிளபெண்டசோலுக்கு அடங்காத புழுக்கள் 1995இல் அவுஸ்திரேலியாவில் அறியப்பட்டன. கறவை மாட்டுக்கு மருந்து கொடுத்தால், பாலை எத்தனை நாள் விலக்க வேண்டுமெனக் கேட்டறியவும்.

நீரில் வளரும் கீரைகளைப் பச்சையாக உண்பதால் இந்நோய் மனிதருக்கும் வரும். 1989இல் ஈரானின் கிலான் மாகாணத்தில் ஆயிரக்கணக்கானோர் இதனால் வருந்தினர். எனவே மந்தையைக் காப்பது குடும்பத்தைக் காப்பதுமாகும்.