நாற்காலி ஒன்று, ஆள் இரண்டு

சம்பள நாள் சாயங்காலம் ரெயில்வே காண்டீனில் எந்த மேஜையில் போய் உட்கார்ந்தாலும் ஒரு விவாதம் காதில் விழும். "சீனியர் இருக்கும்போது நேற்று வந்த பையனுக்கு ஆக்டிங் கொடுத்துவிட்டார்களே!" என்று ஒருவர் அங்கலாய்ப்பார். "பையன் கெட்டிக்காரன், சார். எத்தனை நாள்தான் அவன் பைல் தூக்கிக்கொண்டு நிற்பான்?" என்று இன்னொருவர் மடக்குவார். டீ ஆறிப் போகும். விவாதம் ஆறாது.

இதே விவாதத்தை அமெரிக்காவில் ஊர் முழுக்கப் பேசுகிறார்கள். நியூயார்க்கில் 1987 முதல் இராப் பகலாக விளையாட்டுப் பேச்சுக்கென்றே ஒரு ரேடியோ நிலையம் நடக்கிறது. டாக்சி டிரைவர், தபால்காரர், வக்கீல், கொத்தனார் என்று யார் வேண்டுமானாலும் போன் போட்டுச் சண்டை போடலாம். அந்தச் சண்டைகளில் பெரிய சண்டை, "புதுப் பையனை எப்போது இறக்குவது?" என்பதுதான்.

அமெரிக்கர்கள் 'புட்பால்' என்று சொல்வது நாம் ஆடும் கால்பந்து அல்ல. அதில் காலுக்கு வேலை கொஞ்சம். முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், எறிவார்கள், எதிரிகள் பாய்ந்து கீழே தள்ளுவார்கள். பக்கத்துக்கு 11 பேர். நான்கு முயற்சிக்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மேலும் நான்கு முயற்சி கிடைக்கும். இல்லாவிட்டால் பந்து எதிரிக்கு.

இந்த 11 பேரில் 'குவார்ட்டர்பேக்' என்று ஒருவர் இருக்கிறார். பயிற்சியாளரின் உத்தரவு அவருடைய தலைக்கவசத்துக்குள் இருக்கும் சின்ன ஒலிபெருக்கியில் வரும். அதை மற்ற பத்துப் பேருக்கும் சொல்லி, எதிரி நிற்கும் தினுசைப் பார்த்து, தேவையானால் கடைசி நிமிஷத்தில் மாற்றி, பந்தை வாங்கி, நூற்றிருபது கிலோ ஆட்கள் மேலே வந்து விழுவதற்குள் யாருக்கு எறிவது என்று முடிவு செய்ய வேண்டும். இரண்டு மூன்று வினாடிக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

மற்ற இடங்களில் ஆளை மாற்றி மாற்றி ஆடவிடலாம். குவார்ட்டர்பேக் நாற்காலியில் ஒருவர்தான் உட்கார முடியும். அடுத்தவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் எல்லைக் கோட்டுக்கு வெளியே தொப்பி போட்டுக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

மாற்றல் கேட்ட பையன்

2004ஆம் ஆண்டு நியூயார்க் ஜெயன்ட்ஸ் அணியில் நடந்த கதையை எடுத்துக்கொள்வோம்.

ஒவ்வோர் ஏப்ரலிலும் கல்லூரி ஆட்டக்காரர்களைத் தொழில்முறை அணிகள் பங்கு போட்டுக்கொள்ளும். முந்தைய ஆண்டு மோசமாக ஆடிய அணிக்கு முதல் தேர்வு. பையனுக்கு விருப்பம் கேட்பதில்லை. நம் ஊர்ப் பையன் பரீட்சை எழுதிவிட்டுக் காத்திருக்க, போஸ்டிங் ஆர்டரில் கேள்விப்படாத ஒரு ஜங்ஷன் பெயர் வருமே, அதே கதைதான்.

அந்த ஆண்டு முதல் தேர்வு சான்டியகோ அணிக்கு. அவர்கள் எடுக்க விரும்பிய பையன் ஈலை மானிங், வயது 23. அப்பா ஆர்ச்சி மானிங் பழைய குவார்ட்டர்பேக். அண்ணன் பெய்ட்டன் மானிங் அப்போதே பெரிய நட்சத்திரம். தம்பி, "நான் சான்டியகோவுக்குப் போக மாட்டேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்! அப்படியும் அவர்கள் அவரை எடுத்தார்கள். நியூயார்க் மண்டபத்தில் ஒரே கூச்சல். பிறகு பேச்சுவார்த்தை நடந்து அன்றைக்கே மாற்றல் ஆனது. ஜெயன்ட்ஸ் தான் எடுத்த பிலிப் ரிவர்ஸ் என்ற பையனைக் கொடுத்து, அதற்கு மேல் மூன்று தேர்வு உரிமைகளையும் கொடுத்து ஈலையை வாங்கியது. நம் ஆபீசில் 'மியூச்சுவல்' என்போமே, அதுதான். மேலே கொஞ்சம் கைக்காசும் போட்டார்கள்.

இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பையனை உடனே நாற்காலியில் உட்கார வைத்தார்களா? இல்லை. அந்த நாற்காலிக்கு ஜூன் மாதம் இன்னொருவரை அழைத்து வந்தார்கள். அவர் பெயர் கர்ட் வார்னர்.

மளிகைக்கடை வார்னர்

வார்னரைப் பற்றி நின்று சொல்லத்தான் வேண்டும். அவர் கல்லூரி முடித்தபோது ஓர் அணியும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. 1994இல் கிரீன்பே அணி கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பியது. அயோவா மாநிலத்தில் ஒரு பெரிய மளிகைக்கடையில் இரவு ஷிப்டில் சாமான் அடுக்கும் வேலைக்குப் போனார். மணிக்கு ஐந்தரை டாலர் கூலி. பிறகு உள்ளரங்கத்தில் ஆடும் சின்ன அணி ஒன்றில் சேர்ந்தார். அங்கிருந்து ஆம்ஸ்டர்டாம் போய் ஆடினார். கடைசியில் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணியில் மாற்று ஆளாக ஓர் இடம் கிடைத்தது.

1999 ஆகஸ்டில், சீசன் தொடங்கும் முன் நடந்த ஒரு பயிற்சிப் பந்தயத்தில் அந்த அணியின் நிரந்தரக் குவார்ட்டர்பேக் டிரென்ட் கிரீனுக்கு முழங்கால் போயிற்று. முந்தைய ஆண்டு 16 பந்தயத்தில் நான்கே நான்கு ஜெயித்த அணி அது. நாற்காலி காலி. 28 வயது வார்னரைத் தவிர வேறு நாதி இல்லை.

அந்த சீசனில் வார்னர் 41 'டச் டவுன்' எறிந்தார். நாட்டின் சிறந்த ஆட்டக்காரர் என்று பெயர் வாங்கினார். 2000 ஜனவரி 30இல் நடந்த சூப்பர் பவுல் இறுதிப் பந்தயத்தில் 414 கெஜம் எறிந்து, 23-16 என்று கோப்பையையும் வாங்கிக் கொடுத்தார். அடுத்தவன் கால் ஒடிந்ததால் கிடைத்த ஆக்டிங் அது!

ஆனால் அடிபட்டு, கை வலித்து, சில ஆண்டுகளில் அவருடைய நாற்காலியில் மார்க் பல்ஜர் என்ற இளைஞர் வந்து உட்கார்ந்தார். 2004இல் ராம்ஸ் அவரை விடுவித்தது. 32 வயதில் நியூயார்க் வந்தபோது வார்னருக்குத் தெரியாமலா இருக்கும், பக்கத்தில் நிற்கும் 23 வயதுப் பையனுக்காகத்தான் தன்னைக் காவலுக்கு வைத்திருக்கிறார்கள் என்று?

ஐந்துக்கு நான்கு

வார்னர் முதல் ஏழு பந்தயத்தில் ஐந்து ஜெயித்துக் கொடுத்தார். அடுத்த இரண்டில் அணி தோற்றது. கணக்கு 5 வெற்றி, 4 தோல்வி. இன்னும் ஏழு பந்தயம் பாக்கி. இறுதிச் சுற்றுக்குப் போகும் வழி மூடவில்லை. இந்த நேரத்தில்தான் பயிற்சியாளர் டாம் காக்லின் அறிவித்தார்: அடுத்த பந்தயத்தில் ஈலை மானிங் ஆடுவார்.

ஊர் இரண்டாகப் பிரிந்தது.

"வார்னர் பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நிற்கிறார், அடி வாங்குகிறார். பையன் இன்றைக்குக் கற்றுக்கொண்டால்தான் நாளைக்கு ஆகும்" என்றது ஒரு கட்சி. அவர்கள் கையில் ஓர் ஆயுதம் இருந்தது. அதே ஆண்டு, அதே தேர்வில் பதினோராவதாகப் போன பென் ராத்லிஸ்பர்கர் என்ற பையன், பிட்ஸ்பர்க் அணியில் மூத்தவருக்கு அடிபட்டதால் இரண்டாவது பந்தயத்தில் உள்ளே வந்து, ஜெயித்துக்கொண்டே இருந்தார்.

"ஐந்துக்கு நான்கு என்று இருக்கும் அணியைப் பள்ளிக்கூடம் ஆக்குவதா? மற்ற பத்துப் பேர் இந்த ஆண்டு அடிபட்டதெல்லாம் எதற்கு?" என்றது மறு கட்சி.

மறு கட்சி சொன்னதில் நியாயம் அதிகம் என்பது என் எண்ணம். குவார்ட்டர்பேக்குக்குத்தான் பத்து, பதினைந்து ஆண்டு ஓடும். மற்ற ஆட்டக்காரர்களில் பலர் மூன்று, நான்கு ஆண்டில் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அவர்களுக்கு 'நாளைக்கு' என்று ஒன்று கிடையாது. ரசிகர் விஷயமும் அப்படித்தான். அந்த நாளில் ஜெயன்ட்ஸ் சீசன் டிக்கெட்டுக்கு வெயிட்டிங் லிஸ்ட் ஆண்டுக்கணக்கில் இருந்தது. தட்கால் வசதியெல்லாம் இல்லை. அப்படிக் காத்திருந்து வாங்கியவர் பாடம் நடத்துவதைப் பார்க்கவா வந்தார்?

2004 நவம்பர் 21. எதிரி அட்லாண்டா. ஈலை மானிங் 37 முறை எறிந்தார். 17 போய்ச் சேர்ந்தது. இரண்டை எதிரிகள் பிடித்துக்கொண்டார்கள். ஜெரமி ஷாக்கிக்கு எறிந்த ஒன்று டச் டவுன் ஆனது. 14-10 என்று தோல்வி. பரவாயில்லை என்றார்கள். அடுத்தது பிலடெல்பியா, 27-6. அடுத்தது வாஷிங்டன்; 31-7.

டிசம்பர் 12இல் பால்டிமோரில் நடந்ததுதான் கொடுமை. 18 முறை எறிந்து நான்கு சேர்ந்தது. மொத்தம் 27 கெஜம். குவார்ட்டர்பேக்குக்குக் கணக்குப் போட்டு மார்க் கொடுக்கும் ஒரு முறை உண்டு. அதில் உச்சம் 158.3. அன்றைக்கு ஈலை வாங்கியது பூஜ்யம். பந்தயத்தின் நடுவிலேயே அவரை வெளியே எடுத்து வார்னரை அனுப்பினார்கள்.

அடுத்த வாரம் யார் ஆடுவார்? ரேடியோவில் போன் ஓய்ந்திருக்காது. காக்லின் மறுபடியும் ஈலையையே இறக்கினார். எதிரி யார் தெரியுமா? ராத்லிஸ்பர்கரின் பிட்ஸ்பர்க்! 33-30 என்று தோல்வி. ஆனால் பையன் தலை நிமிர்ந்து ஆடினார். அதற்கடுத்து சின்சினாட்டியிடம் ஒரே புள்ளியில், 23-22. ஆறு பந்தயம், ஆறும் தோல்வி. 2005 ஜனவரி 2இல் டல்லஸ் அணியுடன் கடைசிப் பந்தயம். கடைசி வினாடிகளில் டிக்கி பார்பர் பந்தோடு கோட்டுக்குள் பாய, 28-24. அதுதான் ஈலையின் முதல் வெற்றி. அணியின் கணக்கு 6 வெற்றி, 10 தோல்வி என்று முடிந்தது. ராத்லிஸ்பர்கரோ தான் தொடங்கிய 13 பந்தயத்தையும் ஜெயித்திருந்தார்.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். 2008 பிப்ரவரியில் அதுவரை 18 பந்தயத்தில் தோல்வியே காணாத நியூ இங்கிலாந்து அணியை 17-14 என்று தோற்கடித்துக் கோப்பை. 2012இல் அதே அணியை 21-17 என்று தோற்கடித்து மறுபடியும் கோப்பை. இரண்டிலும் சிறந்த ஆட்டக்காரர் ஈலை மானிங். "நாங்கள் அன்றைக்கே சொன்னோமே!" என்றது முதல் கட்சி.

ஆனால் இதைச் சட்டமாக எடுத்துக்கொள்ள முடியாது. 2002இல் ஹூஸ்டன் அணி, முதல் தேர்வில் எடுத்த டேவிட் கார் என்ற பையனை முதல் நாளே இறக்கியது. அந்த ஒரு சீசனில் எதிரிகள் அவரைப் பந்தோடு 76 முறை தரையில் தள்ளினார்கள். அவர் கடைசிவரை எதிர்பார்த்த அளவுக்கு எழவில்லை. ஈலையின் அண்ணன் பெய்ட்டன் 1998இல் முதல் ஆண்டே 16 பந்தயமும் ஆடி, 28 பந்தை எதிரிக்குக் கொடுத்து, மூன்றே பந்தயம் ஜெயித்தார்; பிறகு மகா ஆட்டக்காரர் ஆனார். கிரீன்பேயில் ஆரன் ராட்ஜர்ஸ் மூன்று ஆண்டு பிரட் பார்வ் பின்னால் நின்றார். அவரும் மகா ஆட்டக்காரர் ஆனார். எந்தக் கட்சிக்கு வேண்டுமானாலும் சாட்சி கிடைக்கும். விவாதம் ஓயாததற்கு அதுதான் காரணம்.

நாற்காலி சுற்றுகிறது

வார்னர் என்ன ஆனார்? நியூயார்க்கை விட்டு அரிசோனா போனார். 2006இல் அங்கேயும் மாட் லைனர்ட் என்ற புதுப் பையனுக்காக அவரை எழுப்பினார்கள். மூன்றாவது முறை! இந்தத் தடவை பையன் நிலைக்கவில்லை. வார்னர் நாற்காலியைத் திரும்ப வாங்கி, 2009 பிப்ரவரியில் 37 வயதில் அரிசோனாவை இறுதிப் பந்தயம் வரை கொண்டுபோனார். பிட்ஸ்பர்க்கிடம் 27-23 என்று தோற்றார். எதிரே நின்ற குவார்ட்டர்பேக் ராத்லிஸ்பர்கர்.

ஈலைக்கும் அந்த நாள் வந்தது. முதல் வாய்ப்பு கிடைத்த நாளிலிருந்து லீக் பந்தயங்களில் 210ஐத் தொடர்ந்து தொடங்கியவர் அவர். 13 ஆண்டில் ஒரு நாள் லீவு இல்லை! 2017 நவம்பரில் அவரை உட்காரச் சொன்னார்கள். "பந்தயத்தை நீயே தொடங்கு, நடுவில் மாற்றிக்கொள்கிறோம். உன் கணக்கு அறுபடாது" என்று பயிற்சியாளர் பென் மக்காடூ ஒரு வழி சொன்னார். ஈலை வேண்டாம் என்றார். ஹாஜர் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற வேலை அவருக்குப் பிடிக்கவில்லை. ஒரு காலத்தில் அவரை இறக்காதே என்று கத்திய ஊர், அவரை எடுக்காதே என்று கொதித்தது. பந்தயத்துக்கு மறுநாள் மக்காடூவுக்கு வேலை போயிற்று. அடுத்த வாரமே ஈலை திரும்ப வந்தார்.

2019 செப்டம்பரில் இரண்டு தோல்விக்குப் பிறகு, டேனியல் ஜோன்ஸ் என்ற புதுப் பையன். இவரைத் தேர்ந்தெடுத்த அன்றும் ரசிகர்கள் கூச்சல் போட்டார்கள். முதல் பந்தயம் டாம்பாவில். பாதி ஆட்டத்தில் 28-10 என்று பின்னால் இருந்து, 32-31 என்று ஜெயித்தார். எல்லைக் கோட்டுக்கு வெளியே ஈலை நின்றுகொண்டிருந்தார், தொப்பியோடு. அந்த டிசம்பரில் ஜோன்சுக்குக் கணுக்கால் வலி வர, ஈலை இரண்டு பந்தயம் ஆடினார். மயாமியை வென்றது அவருடைய கடைசிப் பந்தயம். வாழ்நாள் லீக் கணக்கு 117 வெற்றி, 117 தோல்வி. 2020 ஜனவரியில் ஓய்வு பெற்றார்.

அவ்வளவு நன்றாகத் தொடங்கிய ஜோன்சை 2024 நவம்பரில் அணி விடுவித்தது. 2025 சீசனுக்கு ரஸ்ஸல் வில்சன் என்ற மூத்தவரை அழைத்து வந்தார்கள். 2012இல் சியாட்டிலில், பெரிய சம்பளத்துக்கு வந்த மூத்தவரை ஓரங்கட்டிவிட்டு முதல் நாளே நாற்காலி பிடித்த பையன்தான் இந்த வில்சன். மூன்று பந்தயம், மூன்றும் தோல்வி. மறுபடி ரேடியோ, மறுபடி இரண்டு கட்சி.

2025 செப்டம்பர் 28இல் ஜாக்சன் டார்ட் என்ற புதுப் பையனை இறக்கினார்கள். ஈலை படித்த அதே மிசிசிப்பி பல்கலைக்கழகத்துப் பையன். எதிரி, இருபத்தோரு ஆண்டுக்கு முன் ஈலை போக மாட்டேன் என்று சொன்னாரே, அந்த அணி. இப்போது லாஸ் ஏஞ்சல்சில் இருக்கிறது. பையன் 21-18 என்று ஜெயித்தார்.