பறக்காத விமானத்துக்குப் புதுப் பெயின்ட் எதற்கு?

"சார், அந்த விமானம் இனிமே பறக்கப் போறதே இல்லை. அப்புறம் எதுக்கு அதுக்குப் பெயின்ட் அடிக்கிறாங்க?"

வியாசர்பாடியிலிருந்து ஒரு மாணவி கேட்டிருக்கிறாள். ஓர் அருங்காட்சியகத்தில் தாத்தாக்கள் சிலர் பழைய விமானத்தைச் சுற்றி நின்று தூரிகை பிடிக்கும் படத்தைப் பார்த்திருக்கிறாள். பார்த்ததோடு விடவில்லை, கேட்டும் விட்டாள். சபாஷ் கண்ணு! இப்படிக் கேட்கிற பிள்ளைக்குப் பதில் சொல்ல எனக்குச் சலிப்பே வராது.

முதலில் உங்கள் பக்கத்துக் கதை ஒன்று. செம்பியத்தில் சிம்ப்சன் தொழிற்சாலை இருக்கிறது, தெரியும்தானே? நூறு வருடங்களுக்கு முன்னால் அந்தக் கம்பெனி மவுண்ட் ரோட்டில் வண்டிகள் கட்டிக்கொண்டிருந்தது. அதே சாலையில் ஹோட்டல் நடத்தியவர் ஜியாகொமோ டி ஏஞ்சலிஸ். அவருக்கு விமானப் பைத்தியம். தானே ஒரு விமானத்துக்கு வரைபடம் போட்டார். சிம்ப்சன்காரர்கள் அதைக் கட்டிக் கொடுத்தார்கள். 1910 மார்ச் மாதம் பல்லாவரத்தில் அது மேலே எழும்பியது!

ரைட் சகோதரர்கள் முதன்முதலாகப் பறந்தது 1903 டிசம்பர் 17-இல். அதற்குப் பிறகு ஆறு வருடம் சொச்சம்தான் ஆகியிருந்தது. அதற்குள் நம் சென்னையிலேயே ஒரு விமானம்.

அதை இன்று பார்க்கலாமா? எழும்பூர் மியூசியம் முழுக்கச் சுற்றினாலும் கிடைக்காது. அந்தக் காலத்து விமானங்கள் மரமும் துணியும் கம்பியும்தான். கவனிக்க ஆள் இல்லையென்றால் மக்கிப் போகும். இறக்கையை எப்படிப் பொருத்தினார்கள்? வண்டி கட்டும் தச்சர்கள் எந்த மரத்தை எடுத்தார்கள்? விமானம் இருந்தால் அதையே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். இப்போது யாரிடம் கேட்பது? எனக்கு இதில் நிஜமாகவே வருத்தம்தான்.

டி ஏஞ்சலிஸ் கட்டியது ஒரு சோதனை விமானம். ஆட்களை ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போவதற்காகச் சோதனை விமானத்தைக் கட்டுவதில்லை. "இப்படிச் செய்தால் பறக்குமா?" என்று பார்ப்பதற்காகத்தான். ஒன்றோ இரண்டோதான் செய்வார்கள். விடை தெரிந்ததும் அதை யாரும் தேட மாட்டார்கள். ஒரு மூலையில் கிடக்கும், அல்லது பழைய இரும்புக்காரரிடம் போகும்.

தப்பிப் பிழைத்த ஒன்றின் கதையைச் சொல்கிறேன். பெயர் வி-173. நாடு அமெரிக்கா. அதற்குத் தனியாக இறக்கையே கிடையாது. உடம்பு முழுவதும்தான் இறக்கை! மேலிருந்து பார்த்தால் கிட்டத்தட்ட வட்டம். அதனால் அங்கே காலையில் சாப்பிடும் தோசை மாதிரியான பலகாரத்தின் பெயரைச் சொல்லி, 'பறக்கும் பேன்கேக்' என்று கிண்டல் செய்தார்கள்.

வடிவமைத்தவர் சார்லஸ் சிம்மர்மன். கட்டியது வாட் என்ற கம்பெனி. ஏன் இப்படி ஒரு வடிவம்? இங்கே கொஞ்சம் நிதானமாக வாருங்கள்.

பறக்கும்போது இறக்கைக்குக் கீழே காற்றின் அழுத்தம் அதிகம், மேலே குறைவு. அதனால்தான் விமானம் தூக்கப்படுகிறது. இதுவரை சரியா? கீழே இருக்கிற காற்றுக்கு மேலே போக ஆசை. நடுவில் வழியில்லை. அதனால் இறக்கையின் நுனியைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறுகிறது. ஏறும்போது சுழல்கிறது. விமானம் போன வழியில் இரண்டு நுனிக்குப் பின்னாலும் இரண்டு சுழல்கள் நீளமாகத் தொடரும். அந்தச் சுழல்களை உண்டாக்கவே விமானத்தின் சக்தி வீணாகிறது. விமானத்தைப் பின்னால் பிடித்து இழுப்பது போல ஆகிவிடும்.

கண்ணால் பார்க்க வேண்டுமா? அகலமான தொட்டியில் தண்ணீர் நிரப்புங்கள். ஒரு தட்டைச் செங்குத்தாகப் பாதி முக்கி, முன்னால் நகர்த்திச் சட்டென்று வெளியே எடுங்கள். தட்டின் இரு ஓரமும் இருந்த இடத்தில் இரண்டு சுழிகள் சுற்றிக்கொண்டே நகரும். பார்த்தீர்களா?

நீள இறக்கையில் இந்தத் தொல்லை குறைவு. குட்டை இறக்கையில் அதிகம். சிம்மர்மன் என்ன செய்தார் தெரியுமா? குட்டையாக, வட்டமாக ஒரு இறக்கையை எடுத்துக்கொண்டார். அதன் இரண்டு நுனியிலும் இரண்டு பெரிய விசிறிகளை வைத்தார். ஒவ்வொன்றும் 5 மீட்டர் விட்டம்! காற்று எந்தப் பக்கம் சுழலப் பார்க்கிறதோ, அதற்கு நேர் எதிர்ப்பக்கம் விசிறியைச் சுற்றவிட்டார். நுனிச் சுழலின் கொட்டம் அடங்கியது. அடடா, என்ன மூளை!

பலன் என்ன? மெதுவாகப் போனாலும் விழாத விமானம். கொஞ்ச தூரம் ஓடினாலே கிளம்பிவிடும். போர்க்கப்பலின் தளத்தில் இடம் குறைவு. அமெரிக்கக் கடற்படை இதில் ஆர்வம் காட்டியதற்கு அதுதான் காரணம்.

1942 நவம்பர் 23-இல் பூன் கைட்டன் என்ற விமானி இதை முதலில் ஓட்டினார். இரண்டு எஞ்சின்கள், தலா 80 குதிரைத்திறன். மரச்சட்டம், அதன்மேல் துணி. எடை ஏறக்குறைய 1,000 கிலோ. தரையில் நிற்கும்போது மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு நிற்கும். விமானிக்கு முன்னால் தரை தெரியாது. அதனால் அவர் காலடியில், முன் விளிம்பில் கண்ணாடிச் சன்னல்கள் வைத்தார்கள்.

1943-இல் ஒருநாள் எஞ்சினுக்குப் பெட்ரோல் சரியாகப் போகாமல் கடற்கரையில் அவசரமாக இறங்க வேண்டியதாயிற்று. மணலில் ஆட்கள்! அவர்கள்மேல் மோதக்கூடாதே என்று கைட்டன் பிரேக்கை அழுத்திப் பிடித்தார். விமானம் குட்டிக்கரணம் அடித்து மல்லாந்து விழுந்தது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. விமானத்துக்கும் பெரிய சேதமில்லை.

1947-க்குள் அது 100 முறைக்கும் மேல் பறந்துவிட்டது. இதே யோசனையை வைத்து உலோகத்தில் ஒரு போர் விமானமும் செய்தார்கள். அதற்குள் ஜெட் விமானங்கள் வந்துவிட்டன. கடற்படை "போதும்" என்றது. உலோக விமானத்தை உடைக்கச் சொன்னார்கள். அது லேசில் உடையவில்லை. கட்டடம் இடிக்கும் இரும்புக் குண்டைக் கொண்டுவந்து மோதினார்கள்.

மரமும் துணியுமான தாய் விமானம் மட்டும் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் கிடங்குக்குப் போனது. அங்கேயே பல பத்தாண்டுகள் கிடந்தது.

2000-க்குப் பிறகு வாட் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், "எங்களிடம் கொடுங்கள், நாங்கள் சரிசெய்கிறோம்" என்று முன்வந்தார்கள். டெக்சாஸ் மாநிலத்தில் கிராண்ட் பிரெய்ரி என்ற ஊர். சம்பளம் கிடையாது. ரிவிட் அடித்தவர், வரைபடம் போட்டவர், எஞ்சின் பார்த்தவர் எல்லாரும் சேர்ந்தார்கள். சுமார் 8 ஆண்டுகள் ஆயின. 2012-இல் டல்லஸ் நகரத்து விமான அருங்காட்சியகத்தில் அதை நிறுத்தினார்கள்.

இனி பெயின்டுக்கு வருவோம். நம் மாணவி காத்துக்கொண்டிருப்பாள்.

துணி விமானத்துக்கு அடிப்பது சாதாரணப் பெயின்ட் இல்லை. அதற்கு 'டோப்' என்று பெயர். பசை மாதிரி ஒரு திரவம். துணியை மரச்சட்டத்தின்மேல் போர்த்தி, இதைப் பூசுவார்கள். காயும்போது அது சுருங்கும். துணியையும் சேர்த்து இழுக்கும். வாசிப்பதற்கு முன்னால் பறையைத் தீயில் காட்டி விறைப்பேற்றுவார்களே, அதுபோலத் துணி விறைத்து நிற்கும். தட்டினால் ஓசை கேட்கும். தொய்ந்த துணியால் விமானத்தைத் தூக்க முடியாது, இல்லையா? ஆக, இந்தப் பூச்சு இல்லாமல் இறக்கையே இல்லை.

அடுத்த பூச்சு வெள்ளி நிறம். அதில் அலுமினியப் பொடி கலந்திருக்கும். அழகுக்கு என்று நினைத்தீர்களா? வெயிலில் புற ஊதாக் கதிர் இருக்கிறது. அது துணியின் நூலை மெல்ல மெல்ல இற்றுப்போக வைக்கும். அலுமினியப் பொடி அந்தக் கதிரை உள்ளே விடாது. மொட்டைமாடிக் கொடியில் மாதக்கணக்கில் கிடந்த துணி, கையில் எடுத்ததும் கிழிவதைப் பார்த்திருப்பீர்கள். காரணம் அதே வெயில்தான்.

கடைசியில்தான் நிறம். வி-173-க்கு மேல்பக்கம் மஞ்சள். அந்தக் காலத்தில் அமெரிக்கக் கடற்படை விமானங்களின் இறக்கை மேலே மஞ்சளாக இருக்கும். கடலில் விழுந்துவிட்டால் தேடுகிறவர்கள் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிய வேண்டுமே!

சரி, எந்த மஞ்சள்? எலுமிச்சை மஞ்சளா, சாமந்தி மஞ்சளா? பழைய போட்டோவைப் பார்க்கலாமே என்பீர்கள். கறுப்பு வெள்ளைப் படம். அதிலும் ஒரு வம்பு உண்டு. அந்தக் காலத்து ஃபிலிம் சிலவற்றில் மஞ்சள் நிறம் கறுப்பு மாதிரி இருட்டாக விழும். படத்தை நம்பினால் ஏமாந்துபோவோம்.

அதனால் இந்த வேலை செய்கிறவர்கள் துப்பறிவாளர்கள் ஆகிவிடுவார்கள். வெயில் படாத மறைவான இடத்தைத் தேடுவார்கள். உப்புத்தாளால் பொறுமையாகத் தேய்ப்பார்கள். மேல் பூச்சு போகும், அடியில் இன்னொன்று தெரியும். இன்னும் தேய்த்தால் இன்னொன்று. கடைசியில் கிடைப்பதுதான் முதல் நாள் நிறம். பழைய துணியைக் கழற்றும் முன் ஒவ்வொரு எழுத்தையும் அளந்து, போட்டோ எடுத்து, குறித்து வைப்பார்கள். ஒரு துண்டை எடுத்துப் பத்திரப்படுத்துவார்கள். லாரிப் பட்டறையில் பட்டி பார்த்துப் பளபளவென்று முடிப்பதைவிட இது பல மடங்கு மெதுவான வேலை.

இன்னொன்றும் உண்டு. ஓட வேண்டிய பொருளைச் சரிசெய்வது வேறு, நிற்க வேண்டிய பொருளைச் சரிசெய்வது வேறு. உங்கள் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. இ.ஐ.ஆர்.-21 என்ற நீராவி எஞ்சின் 1855-இல் இங்கிலாந்தில் செய்தது. ஓட்டம் நின்று, நூறு வருடம் காட்சிப் பொருளாக நின்றது. அதற்கு உயிர் கொடுத்தவர்கள் பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ் தொழிலாளர்கள்! 2010-இல் அது மறுபடியும் தண்டவாளத்தில் ஓடியது. ஓட வேண்டும் என்பதால் புதுப் பாகங்கள் நிறையச் செய்து மாட்டினார்கள். அதில் தப்பே இல்லை. ஆனால் டல்லஸ் விமானம் பறக்க வேண்டாம். அதனால் பழைய பாகத்தை முடிந்தவரை அப்படியே விட்டுவைக்கலாம். எது சிறந்தது? என்னைக் கேட்டால், ஒரே ஒரு விமானம்தான் மிச்சம் என்றால் அதைப் பறக்கவிட எனக்குத் துணிச்சல் வராது. உங்களுக்கு வேறு எண்ணம் இருந்தால் எழுதுங்கள்.

துணி விறைப்பதை நீங்களே செய்து பார்க்க ஆசையா? டோப் கடையில் வாங்கும் சாமான் இல்லை. சட்டென்று தீப்பற்றும், நமக்கு வேண்டாம். அதற்குப் பதில் இதைச் செய்து பாருங்கள். நான்கு மூங்கில் குச்சிகளைக் கட்டி ஒரு சட்டம் செய்யுங்கள். காத்தாடித் தாளைக் கொஞ்சம் தளர்வாகவே ஒட்டுங்கள். பசை நன்றாகக் காயட்டும். பிறகு கையால் தண்ணீரை லேசாகத் தெளித்து, நிழலில் வையுங்கள். முதலில் தாள் இன்னும் தொய்யும். பயப்படாதீர்கள். காய்ந்த பிறகு சுருக்கம் போய் இழுத்துக்கொண்டு நிற்கும். விரலால் சுண்டிப் பாருங்கள். தண்ணீர் அதிகமானால் தாள் கிழியும், அதனால் இரண்டு தாள் சேர்த்தே வாங்கி வையுங்கள்.